எண்ணப்படாத புள்ளிகள்

தோழரே!

செட்டிநாட்டுத் தெருக்களில் நடந்திருப்பீர்கள். ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்கட்டு என நீண்டு கிடக்கும் மாளிகைகளைக் கண்டு மலைத்திருப்பீர்கள். பர்மாவிலிருந்து வந்த தேக்கு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்கு, ஆத்தங்குடியில் வார்த்த பூக்கல்! வளவு கடந்து, பட்டகசாலை கடந்து உள்ளே சென்றால் ஓர் அறையில் இரும்புப் பெட்டி. அதனருகே அடுக்கடுக்காய்ப் பேரேடுகள். மாளிகையைத் தாங்குவன தூண்கள் என்று நினைப்போம். உண்மையில் தாங்கியவை அந்தப் பேரேடுகளே!

"கொண்டு விற்கப் போகிறோம்" என்று கூறிக் கப்பல் ஏறியவர்கள் கொழும்பில் கடை வைத்தார்கள், ரங்கூனில் வைத்தார்கள், பினாங்கிலும் சைகோனிலும் வைத்தார்கள். எங்கு வைத்தாலும் ஐந்தொகை எடுக்காமல் ஆண்டு முடிந்ததில்லை. காசு ஒன்று குறைந்தால், அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் கண் மூடியதில்லை. காசை மட்டுமா எண்ணினர்? குடும்பத்தையும் எண்ணினர். மணமுடித்துக் கோயில் கணக்கில் ஏறிய குடும்பத்துக்குப் 'புள்ளி' என்று பெயர். எத்தனை புள்ளி என்று எண்ணித்தான் நகரத்தார் தம் கோயிலுக்கு வரி வகுத்தனர். தமிழில் புள்ளிவிவரம் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதற்கு இந்த மண்ணைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது?

ஆனால் தோழரே, அந்த அக்கரைக் கடைகளில் ஒரு சிறுவன் இருந்தான். பெட்டியடிப் பையன் என்று அவனுக்குப் பெயர். மீசை அரும்பாத வயது. ஆத்தாளைப் பிரிந்து, அலைகடல் கடந்து, அயல்மொழி வழங்கும் ஊரில் மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் ஏவல் செய்து தொழில் பழகினான். ஊர் திரும்ப மூன்றாண்டுக் கணக்கு முடிய வேண்டும். அவன் சம்பளம் பேரேட்டில் உண்டு. அவன் பற்று உண்டு. அவன் வரவு உண்டு. இரவில் அவன் அழுதானா? உண்டானா? உறங்கினானா? அவனை எவரேனும் அடித்தனரா? அதற்கு மட்டும் அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை!

கடைகள் மூடின, கப்பல்கள் ஓய்ந்தன, காலம் மாறிற்று. அந்தப் பத்தியோ இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.

2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளிவந்த நாளை நினைத்துப் பாருங்கள். தமிழகத்து மாவட்டங்களிலே முதல் மாவட்டம் எது? சிவகங்கை! நூற்றுக்கு 98.31 பேர் தேர்ச்சி! வறண்ட நிலம் என்றனர், வானம் பார்த்த பூமி என்றனர், பின்தங்கிய சீமை என்றனர். அந்தச் சீமைப் பிள்ளைகள் முன்னே வந்து நின்றனர். ஆசிரியர்களைப் பாராட்டினோம், பெற்றோரைப் போற்றினோம், தெருவெங்கும் இனிப்பு வழங்கினோம். வழங்கியதிலே தவறில்லை. பட்டினியைத் தாண்டி வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பட்டியலில் முதலிடம் பெறுவதைக் கண்டு மகிழாத நெஞ்சு என்ன நெஞ்சு!

மகிழ்ச்சி ஆறிய பின்னர் ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பேர் தேறினர் என்பது நமக்குத் தெரியும், பாடவாரியாகத் தெரியும், பள்ளிவாரியாகத் தெரியும். தேறிய பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியை விரும்பினர்? எத்தனை பேர் தலைவலியோடும் வயிற்றுவலியோடும் தேர்வு அறைக்குள் சென்றனர்? எத்தனை பேருக்குத் தம் துயரைச் சொல்ல ஒருவரேனும் இருந்தனர்? இதற்கு மாவட்டவாரிப் பட்டியல் உண்டா? தேடினேன், தோழரே! மதிப்பெண்ணுக்கு ஆண்டுதோறும் ஐந்தொகை எடுக்கிறோம், மனத்துக்கு எடுக்கவில்லை.

"இதையெல்லாம் அளக்க முடியுமா?" என்று கேட்பார் உண்டு. அளந்து காட்டியிருக்கிறார்கள். 1982இல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே எனும் மூன்று நாடுகளின் ஆய்வாளர்கள் கூடினர். பள்ளிச் சிறாரை அவர்தம் வாழ்வைப் பற்றி அவர்களிடமே கேட்போம். எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியை, ஒரே முறையில் கேட்போம் என்று முடிவு செய்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டலம் துணை நின்றது. 1983-84இல் தொடங்கிய அந்த ஆய்வு பின்னர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வழக்கமாயிற்று. 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். 2021-22 சுற்றிலே 44 நாடுகள். ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் சிறுவர் சிறுமியர்!

என்ன கேட்கிறார்கள்? விண்ணை அளக்கும் கேள்விகள் அல்ல. காலையில் உண்கிறாயா? பல் துலக்குகிறாயா? தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, சோர்வு, எரிச்சல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றன? பள்ளி உனக்குப் பிடித்திருக்கிறதா? பாடச்சுமை அழுத்துகிறதா? உடன் படிப்பவர் உன்னைத் துன்புறுத்துகின்றனரா? தாயிடம் பேச முடிகிறதா, தந்தையிடம் பேச முடிகிறதா? ஓர் ஏணியை வரைந்து காட்டுகிறார்கள். மேல்படி பத்து, நீ காணக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு; கீழே பூச்சியம், மிக மோசமான வாழ்வு. நீ இப்போது எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். பிள்ளை ஒரு படியில் குறியிடுகிறது. பெயர் எழுத வேண்டியதில்லை. ஆசிரியர் பார்ப்பதில்லை, அப்பா பார்ப்பதில்லை.

எளிய கேள்விகள்தாம்; விடைகளோ அரசுகளை உலுக்கின. 2021-22 ஆய்விலே, 15 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 63 பேர் பாடச்சுமை தம்மை அழுத்துவதாகக் கூறினர். நான்காண்டுக்கு முன்னே அது 54. அதே வயது ஆண் பிள்ளைகளில் 40 ஆக இருந்தது 43 ஆயிற்று. பெண்ணின் சுமை ஏறிய வேகத்தைப் பாருங்கள்! குடும்பம் தமக்குத் துணை நிற்கிறது என்று கூறியோர் 73இலிருந்து 67ஆகக் குறைந்தனர். செல்வம் கொழிக்கும் நாடுகள், செப்பனிட்ட பள்ளிகள்! அங்கேயே இந்த நிலை என்பது எப்படித் தெரிந்தது? கேட்டதால் தெரிந்தது, மீண்டும் மீண்டும் கேட்டதால், ஏறிற்றா இறங்கிற்றா என்பதும் தெரிந்தது.

பின்லாந்தின் கதை நமக்குப் பாடம். 2000ஆம் ஆண்டில் 'பிசா' எனும் உலகத் தேர்வு முதன்முதலாக நடந்தபோது, 15 வயது மாணாக்கரின் வாசிப்புத் திறனில் முதலிடம் பெற்ற நாடு அது. உலகமே அந்நாட்டுப் பள்ளிகளைக் காண விமானம் ஏறிற்று. அதே காலத்தில் சிறார் நல ஆய்வு வேறொரு செய்தி சொல்லிற்று: பள்ளி மிகவும் பிடிக்கும் என்று கூறிய பிள்ளைகளின் வரிசையில் பின்லாந்து கடைப் பகுதியில் நின்றது! மதிப்பெண்ணில் முதல், மகிழ்ச்சியில் கடை! "முதலிடம் வந்தாயிற்றே, இனி என்ன?" என்று அந்நாட்டார் மார்தட்டி அமர்ந்துவிடவில்லை. துர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய, மாணவர் மாணவரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 'கிவா' திட்டத்தை நாடெங்கும் கொண்டு சென்றனர். 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் கற்றலின் மகிழ்ச்சியையும் மாணவரின் பங்கேற்பையும் எழுதி வைத்தனர். கண்ணாடி காட்டிய கறையைக் கண்டு முகத்தைக் கழுவினர்.

நாம் என்ன செய்தோம்?

2010இல் அதே 'பிசா'த் தேர்வை இந்தியாவில் இரண்டே மாநிலங்கள் எழுதின. இமாசலப் பிரதேசம் ஒன்று, தமிழ்நாடு மற்றொன்று. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலின் அடித்தட்டில் நின்ற மூன்றில் இரண்டு நாம், மூன்றாவது கிர்கிசுத்தான். தேர்வு நடந்தது எந்த ஆட்சியில், முடிவு வந்தது எந்த ஆட்சியில் என்று பங்கு பிரிக்க நான் வரவில்லை. பிள்ளைகள் எல்லா ஆட்சியிலும் பிள்ளைகளே. தில்லி என்ன செய்தது என்பதுதான் கேள்வி. "வினாக்கள் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை" என்று கூறி, தேர்வு வரிசையிலிருந்தே விலகிற்று. 2019இல் மனம் மாறி மீண்டும் சேர ஒப்பந்தம் செய்தது. அப்போது தேர்ந்தெடுத்த பள்ளிகள் எவை? கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயாக்கள், சண்டிகர் நகரத்துப் பள்ளிகள்! பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிப்போன அந்தச் சுற்றிலும் இறுதியில் இந்தியா எழுதவில்லை. வினா பொருந்தவில்லை என்பதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். பொருந்தும் வினாவை நாமே தொடுப்போம் என்றல்லவா அடுத்த அடி வைத்திருக்க வேண்டும்? கண்ணாடி கோணல் என்றால் வேறு கண்ணாடி வாங்குவார்கள். முகம் பார்ப்பதையே விட்டுவிடுவார்களா?

இன்னும் கேளுங்கள். ஐரோப்பிய ஆய்வைப் போலவே, வளரும் நாடுகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2003 முதல் மற்றொரு பள்ளி மாணவர் நல ஆய்வை நடத்துகிறது. உணவு, புகை, மது, வன்முறை, மனநலம் என எல்லாம் கேட்கும் ஆய்வு அது. இலங்கை 2008இலும் 2016இலும் தன் மாணவரைக் கேட்டது. மியன்மர் 2007இலும் 2016இலும் கேட்டது. மலேசியா 2012இல் கேட்டது. வியட்நாம் 2013இல் கேட்டது. அதாவது கொழும்பு கேட்டது, ரங்கூன் கேட்டது, பினாங்கு கேட்டது, சைகோன் கேட்டது! நம் முன்னோர் கணக்குப் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எந்தெந்த ஊருக்குச் சென்றனரோ, அந்தந்த நாடெல்லாம் தன் பிள்ளையைப் பார்த்து "நலமா?" என்று கேட்டுவிட்டது. இந்தியாவில் அந்த ஆய்வு 2007இல் நடந்தது. எங்கே தெரியுமா? மத்தியக் கல்வி வாரியமாம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில்! காரைக்குடி நகராட்சிப் பள்ளியிலே படித்த தையல்காரர் மகளையும், கல்லல் பக்கத்துக் கிராமப் பள்ளியிலே படித்த கூலிக்காரர் மகனையும் அந்த ஆய்வு கேட்கவில்லை. எண்ணுவதற்குப் பெயர் போன சீமையிலே எண்ணப்படாத புள்ளிகள் அவர்கள்!

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எதுவுமே கேட்கப்படவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுடையோரில் நூற்றுக்கு 28 பேருக்கு இரத்தசோகை என்று கண்டது. பெண்களில் அது 40! நிமான்சு நிறுவனம் நடத்திய 2015-16 ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர் மனநலச் சிக்கலோடு வாழ்கின்றனர் என்றது. 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம் மாணவரைக் கேட்டது. கலக்கத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் முடிவுமே என்றனர், நூற்றுக்கு 81 பேர்! நடுநிலை வகுப்பிலிருந்து உயர்நிலைக்கு ஏற ஏறப் பள்ளி வாழ்வில் நிறைவு குறைகிறது என்பதையும் அதுவே கண்டது. பயனுள்ள ஆய்வுகள்தாம். ஆயினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுகோல்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதுக் கணக்கு. ஒன்றோடு ஒன்றை ஒட்ட இயலாது. உலகத்தோடும் ஒப்பிட இயலாது. நான்காண்டு கழித்து அதே கேள்வியோடு எவரும் திரும்பி வருவதில்லை. ஒரே ஒரு நாள் கணக்கு எழுதிய ஏட்டைப் பேரேடு என்று எந்தச் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளை ஒப்புக்கொள்வார்?

அந்த 81 எப்படி இருக்கும் என்பதை ஒரு சிறு காட்சியாகக் காட்டுகிறேன். நாடகம் எழுதுபவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், உங்கள் தெருவிலும் நடந்திருக்கலாம்.

வளவின் திண்ணையிலே ஐயா அமர்ந்திருக்கிறார். பேரன் மதிப்பெண் அட்டையோடு வருகிறான்.

"எத்தனை அப்பு?"

"412, ஐயா."

"சென்ற முறை?"

"431."

"19 குறைகிறதே! உன் பாட்டனாரின் தகப்பனார் ரங்கூன் கடையிலே ஓரணா குறைந்தாலும் விடிய விடிய விளக்கேற்றி வைத்துத் தேடுவாராம். இந்த 19 எங்கே போயிற்று? சொல்!"

"இரவில் உறக்கம் வருவதில்லை, ஐயா."

ஐயா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல்...

"உறக்கத்துக்கு இதிலே வரி இல்லையே அப்பு!"

திரை!

ஐயா கொடியவர் அல்லர், தோழரே. குறை எங்கே என்று தேடத்தான் செய்கிறார். தேடும் ஏட்டிலே அந்த வரி இல்லை. என் கதையும் அதுவே. கல்லூரியை இடையில் விட்டவன் நான். என் வருகைக் குறைவு அங்கே பதிவாயிற்று. என் கட்டண நிலுவை பதிவாயிற்று. என் தோல்வி பதிவாயிற்று. "ஏன் வரவில்லை?" என்று எவரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. கேட்டிருந்தால் பட்டம் பெற்றிருப்பேனா என்பதறியேன். கேட்கப்பட்டிருந்தேன் என்ற நினைவாவது எஞ்சியிருக்கும். எனக்கு மேடை கிடைத்தது, தப்பினேன். மேடை கிடைக்காதவர் எத்தனை பேர்? தேசியக் குற்றப்பதிவுப் பணியகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13 ஆயிரத்துக்கும் மேல். அவர்களை எண்ணிவிட்டோம், தோழரே. எண்ணினோம், இறந்த பிறகு! உயிரோடிருந்தபோது எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்டிருந்தால், எண்ண வேண்டிய தொகை குறைந்திருக்குமே!

"இத்தகைய கேள்வி பிள்ளை மனத்திலே இல்லாத எண்ணத்தை விதைத்துவிடாதா?" என்று அஞ்சுகிறார் ஒரு நண்பர். நல்ல உள்ளத்தில் எழும் அச்சம் அது. ஆயினும் தக்கவர் தக்க முறையில் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. பேசாப் பிள்ளைக்குப் பேச வாய்ப்பு கிடைக்கிறது. கேட்ட பின்னர்க் கைவிடுவதுதான் குற்றம். ஆகவே கேட்கும் நாளிலேயே, உதவிக்கு எங்கே செல்வது என்பதையும் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். 14416 எனும் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது. அந்த எண் எத்தனை பள்ளிச் சுவர்களில் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது? இன்றே சென்று பாருங்கள், இல்லையெனில் எழுதுங்கள்.

"ஐரோப்பாக்காரன் கேள்வியை அப்படியே இங்கே கொண்டு வருவதா?" என்று மற்றொரு நண்பர் சீறுகிறார். சீற்றத்தில் சாரம் உண்டு. அங்கே ஒரு வழக்கம்: பிள்ளைக்குத் தந்தையின் வருமானம் தெரியாது என்பதால், உனக்கெனத் தனியறை உண்டா, வீட்டில் எத்தனை குளியலறை, எத்தனை மகிழுந்து என்று கேட்டு வசதியைக் கணிக்கிறார்கள். இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டிலே கேட்டால் என்னவாகும்? உரிமையாளர் வெளியூரில் இருக்க, பூட்டிய மாளிகையைக் காக்கும் காவற்காரரின் மகன் அங்கேதான் குடியிருக்கிறான். 'எத்தனை அறை?' என்றால், 'எண்ணி முடியாது' என்று எழுதுவான்! கணக்கில் அவன் கோடீசுவரன், அடுப்பில் கஞ்சி! எனவே கேள்வி நம் மண்ணில் உருவாக வேண்டும். ஒருவர் தமிழாக்க, மற்றொருவர் அதை மீண்டும் மூலமொழிக்கு ஆக்கிப் பார்த்துப் பொருள் பிறழாமையைச் சரிபார்க்கும் முறை உலகெங்கும் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டும்.

உலகத் தாளில் இல்லாத கேள்வி ஒன்றையும் நாம் சேர்த்தாக வேண்டும். 2023 ஆகத்தில், நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர் உடன்படித்தோர், காரணம் சாதி! நாடே தலைகுனிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றலாம், கழற்றிய பின்னும் நெஞ்சிலே கட்டியிருப்பது எத்தனை பேர் என்பதை எப்படி அறிவது? "உன் சாதியைச் சொல்லி எவரேனும் உன்னை இழித்தனரா? எத்தனை முறை?" ஐரோப்பிய வினாத்தாளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. நம் தாளில் இதற்கே முதலிடம் வேண்டும். உடன்படிப்பவர் துன்புறுத்தல் என்று பொதுவாகக் கேட்டால் நம் பிள்ளை 'இல்லை' என்று எழுதிவிடும். ஏனெனில், நாள்தோறும் நடப்பதைத் துன்பம் என்று கருதக் கூடாதென்றே அதற்குப் பழக்கியிருக்கிறார்கள்!

ஒப்பீட்டிலே வேறு பொறிகளும் உண்டு, மறைக்க மாட்டேன். 2015இல் 'பிசா' ஆய்வு 15 வயதினரின் வாழ்க்கை நிறைவைப் பத்துக்கு அளந்தபோது, வளர்ந்த நாடுகளின் சராசரி 7.3. கணிதத்தில் உலகை வெல்லும் தென்கொரியா 6.4 அளவில் நின்றது. அந்த வரிசையில் அதற்கும் மேலே மெக்சிகோ, 8.3! உடனே மெக்சிகோ சொர்க்கம், கொரியா நரகம் என்று தீர்ப்பெழுதலாமா? கூடாது. தன் நிலையைத் தாழ்த்திச் சொல்வது ஒரு நாட்டின் பண்பாக இருக்கலாம். உயர்த்திச் சொல்வது மற்றொரு நாட்டின் பழக்கமாக இருக்கலாம். மேலும், பள்ளியில் கேட்கும் ஆய்வு பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் கேட்கிறது. பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவனும், மணமேடைக்கு அனுப்பப்பட்டவளும் கணக்கில் வாரார். எல்லோரையும் விடத் துயருற்றவர் எண்ணத்தில் இல்லாததால் சராசரி அழகாகத் தெரியும்! ஆகவே நாட்டுக்கு நாடு யார் பெரியவர் என்று பார்ப்பதைவிட, நம் ஏணியில் நாம் நான்காண்டுக்கு முன்னே நின்ற படி எது, இன்று நிற்கும் படி எது, பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே எத்தனை படி, ஊருக்கும் சேரிக்கும் இடையே எத்தனை படி என்று பார்ப்பதே அறிவு. அயல்நாடு நமக்குப் போட்டிக்காரன் அன்று. அளவுகோல் பிடிக்கக் கற்றுத்தரும் அண்டைவீட்டான்.

"பசி தீரட்டும், பிறகு மனம் பார்க்கலாம்" என்பாரும் உண்டு. அவர்களுக்கு நம் வரலாற்றையே விடையாகத் தருகிறேன். 1920இல் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நண்பகல் உணவு தந்தது எதனால்? பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டதால்! 1956இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் விரித்தது அதே கேள்வியால். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் அதிலே முட்டை வைத்தார், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஒரு நூறாண்டாக இந்த மண் "சாப்பிட்டாயா?" என்று தன் பிள்ளையைக் கேட்டு வருகிறது, கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு வந்தது. அந்தக் கேள்விக்கு அடுத்த கேள்விதான் "உறங்கினாயா?" அதற்கடுத்தது "யாரேனும் உன்னை அழவைத்தனரா?" முதற் கேள்வியைக் கேட்ட மண்ணுக்கு இரண்டாம் கேள்வி எட்டாத உயரமா?

ஆகவே தோழரே, மாநில அரசை நாம் கேட்போம். நம் அரசாயினும் கேட்போம். நம் அரசு என்பதாலேயே உரத்துக் கேட்போம்!

நான்காண்டுக்கு ஒருமுறை, 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம், தமிழிலே, பெயரின்றி, உலகத்தோடு ஒப்பிடத்தக்க கேள்விகளோடு நம் மண்ணுக்கே உரிய கேள்விகளையும் சேர்த்து ஓர் ஆய்வு வேண்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடிச் சென்று கேட்கவும் வழி வேண்டும். முடிவைக் கொண்டு பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடக் கூடாது. போட்டால், அடுத்த முறை "மகிழ்ச்சி என்று எழுது" என்று ஆசிரியரே பாடம் நடத்திவிடுவார்! முடிவை முதலில் பிள்ளைகளுக்கே சொல்ல வேண்டும். அவர்கள் கூறியதை நாம் கேட்டோம் என்று அவர்கள் அறிய வேண்டும். கேட்டபின் செய்ய, பள்ளிகளிலே பயின்ற ஆலோசகர் வேண்டும். பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்று பெயருக்கு வேண்டா. பிள்ளை கதவைத் தட்டினால் திறக்கும் தொலைவிலே வேண்டும்.

பணம் ஏது என்பார்கள். இந்தக் காரைக்குடியிலே, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்ததால் மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் கதவு திறந்தது. உலோகத்தில் துரு ஏறுவதை நுணுகி அளக்கும் கூடம் அது. கப்பலின் அடித்தட்டிலும் பாலத்தின் கம்பியிலும் துரு எங்கே தொடங்குகிறது, எத்தனை விரைவில் பரவுகிறது என்று கண்டறிய நமக்கு அறிவு இருந்தது, ஈகை இருந்தது, நிலம் இருந்தது. இரும்பின் துருவை அளந்த ஊர், இளநெஞ்சின் துருவை அளக்கப் பணமில்லை என்று சொல்லலாமா?

அதுவரை காத்திராதீர்கள். இன்று ஞாயிறு. பிள்ளை வீட்டில் இருக்கும். ஏட்டை மடித்து வைத்துவிட்டு அருகே அழையுங்கள். மதிப்பெண் கேட்காதீர்கள். ஒரு தாளில் பத்துப் படி ஏணி ஒன்றை வரையுங்கள். "நீ எங்கே நிற்கிறாய் அப்பு?" என்று கேளுங்கள். விரல் எந்தப் படியைத் தொட்டாலும் திட்டாதீர்கள், திருத்தாதீர்கள். ஏன் என்று மட்டும் கேட்டு, விடை முடியும்வரை பேசாதிருங்கள்.

செட்டிநாட்டுப் பேரேட்டிலே நூறாண்டாய் வெறுமையாய்க் கிடக்கும் பத்தி அது. முதல் வரியை நீங்கள் எழுதுங்கள். மீதியை எழுத, அரசைக் கொண்டு வருவோம்!